டேப் நடனம் தொழிலாகுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்தி, தரையையே தாளக்கருவியாக்கி ஆடுவது டேப் நடனம். அதில் ஆடுவது, நடனம் அமைப்பது, சொல்லிக்கொடுப்பது என மூன்று வேலைகள் உண்டு. கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து, இந்த மூன்று வேலைகளையும் செய்பவர்களிடம் பதில் வாங்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் பரதத்தில் அரங்கேற்றம் முடித்தவள். இப்போது டேப் கற்றுக்கொண்டு, பிறகு அதைச் சொல்லிக்கொடுக்கவும் ஆசைப்படுகிறாள். பரதம் பழகிய கால் இதற்கு உதவுமா, இடைஞ்சலா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

தாளம் உதவும். கால் சில மாதங்கள் இடைஞ்சல் செய்யும். இதைத் தெரிந்துகொண்டு சேர்த்துவிடுங்கள் அம்மா.

பரதத்தின் தட்டடவில் அரைமண்டியில் அமர்ந்து முழுப்பாதத்தால் தரையைத் தட்டுகிறோம். உடல் எடை நேராகக் கீழே இறங்குகிறது. டேப்பில் பாதங்கள் முன்னோக்கி இருக்கும், முழங்கால் லேசாக மட்டும் மடங்கும், எடை முன்பாதத்தில் நிற்கும். ஒலி எழுப்புவது பெரும்பாலும் எடை சுமக்காத கால்தான். முதல் பாடமான ஷஃபிளையே பாருங்கள். முன்பாதத் தகடு முன்னே போகும்போது தரையை ஒரு முறை உரசுகிறது, திரும்பி வரும்போது இன்னொரு முறை. ஒலி இரண்டு, எடை மாற்றம் இல்லை. பரதம் பழகியவர்கள் இரண்டாவது ஒலியில் தங்களை அறியாமலே காலை ஊன்றிவிடுகிறார்கள். ஊன்றினால் அந்தக் காலை மறுபடி எடுக்க நேரமாகிறது, அடுத்த அடி பிந்துகிறது, வேகம் கூடும்போது கணக்கு நழுவுகிறது. சோதிப்பது எளிது. ஷஃபிள் முடிந்த நொடியில் உடல் அசையாமல் அந்தக் காலைத் தூக்க முடிகிறதா? முடியாவிட்டால் எடை அதில் இறங்கிவிட்டது என்று பொருள். சுவர்க் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலுக்கு எட்டு ஷஃபிள் போட்டு, நிறுத்தி, தூக்கிப் பார்த்துவிட்டு மறுகாலுக்குப் போகச் சொல்லுங்கள். தொடை ஆடக்கூடாது. முழங்காலுக்குக் கீழேதான் வீச்சு, கணுக்கால் தளர்ந்து தொங்க வேண்டும். இடுப்பிலிருந்து வீசினால் சத்தம் பெரிதாகும், வேகம் ஏறவே ஏறாது.

இனி தாளம். டேப் பிறந்து வளர்ந்தது ஜாஸ் இசையோடு. ஜாஸின் ஸ்விங் நடையில் ஒரு தட்டு மூன்றாகப் பிரிந்து முதலாவதும் மூன்றாவதும் மட்டும் ஒலிக்கும். நம் கணக்கில் இது திஸ்ரம்: வாயில் தகிட என்று சொல்லிக்கொண்டு, ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் காலைப் போடுவது. நான்கு நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையிலேயே ஊறியவர்கள் இந்த இரண்டு ஒலிகளையும் சம இடைவெளியில் போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை தப்பாது, ஆனால் கேட்க விறைப்பாக இருக்கும். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 80-இல் வைத்து, வாய் தகிட சொல்ல, கால் இரண்டை மட்டும் எடுக்கப் பழகட்டும். அது உடம்பில் இறங்கும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

டைம் ஸ்டெப் என்ற அடிப்படை அடிக்கோவை ஒன்றாம் எண்ணில் தொடங்காது. முந்தைய சுற்றின் எட்டாம் எண்ணிலேயே எடுத்துவிடும். அதீத எடுப்பு அறிந்தவளுக்கு இது ஒரு பொழுதில் புரிந்துவிடும். அந்த அடியை ஆறு பார் (பார் என்பது நான்கு தட்டு கொண்ட இசை அளவு) திரும்பத் திரும்ப ஆடி, கடைசி இரண்டு பாரில் பிரேக் என்ற முடிப்புக் கோவை போட்டு எட்டு பாரை முடிப்பது மரபு. பேடில் அண்ட் ரோல் என்ற இன்னொரு கோவையில் குதிகாலைக் குத்தி, முன்பாதத்தைப் பின்னோக்கி உரசி, முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை இறக்க வேண்டும். நான்கு ஒலி, அதாவது தகதிமி. மறுகாலின் குதிகாலை ஐந்தாவதாகச் சேர்த்தால் தகதகிட, கண்டமாகிவிடும். பல ஆண்டுகள் டேப் ஆடியவர்களே ஐந்திலும் ஏழிலும் தடுமாறுவதுண்டு. உங்கள் மகளுக்கு அது சொந்த வீடு, அவளுடைய தனி முத்திரை அங்கிருந்தே வளரலாம். கதக் கலைஞர் பண்டிட் சித்ரேஷ் தாஸும் அமெரிக்க டேப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தும் சேர்ந்து ஆடிய காணொளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் தங்கள் கலையை விட்டுக்கொடுக்காமல் கணக்கில் மட்டும் சந்திக்கும் அழகு அதில் தெரியும்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். டைல்ஸ் தரை. பயிற்சி செய்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், செந்தூல்

முதலில் டைல்ஸ்மேல் ஆடுவதை இன்றே நிறுத்துங்கள் தம்பி. சத்தத்தைவிட உங்கள் கால் முக்கியம். டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட். அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. இறக்கும் ஒவ்வொரு குதிகாலும் முன்னங்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் திரும்பி ஏறும். தகடு டைல்ஸில் வழுக்கவும் செய்யும்.

ஒரு பயிற்சிப் பலகை செய்துகொள்ளுங்கள். வன்பொருள் கடையில் பிளைவுட் 4 அடிக்கு 8 அடி தாளாகக் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தாளை வாங்கி, அங்கேயே குறுக்கே அறுக்கச் சொன்னால் 4 அடிச் சதுரம் இரண்டு வரும். மேல்பலகையின் மர இழை கீழ்ப்பலகையின் இழைக்குக் குறுக்காக இருக்கும்படி வைத்து, மரப்பசை தடவி, அடிப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்கு ஒரு திருகாணி முடுக்குங்கள். திருகாணியின் நீளம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் முனை மேலே எட்டிப்பார்த்துவிடும். மேலிருந்து முடுக்குவதும் தவறு. பலகை தேயத் தேயத் திருகாணித் தலை நீட்டிக்கொண்டு தகட்டில் மாட்டும். ஆடும் பரப்பாக மெல்லிய ஹார்ட்போர்டு ஒன்றை மேலே போடலாம். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

அடியில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் ஒலி மாறும். ரப்பர் துண்டுகளை அடிக்கொன்றாக ஒட்டினால் நடுவில் காற்று நிற்கும், பலகை நன்றாக முழங்கும். அடுக்குமாடிக்கு அது ஆகாது. குழந்தைகள் விளையாட விரிக்கும் கனமான ஈ.வி.ஏ. நுரைப்பாய் முழுவதையும் பரப்பி, அதன்மேல் பலகையை வையுங்கள். ஒலி மங்கும், கால் தப்பிக்கும், கீழே இறங்கும் அதிர்வும் குறையும். முழுக்க நின்றுவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கீழ்வீட்டுக்குக் கேட்பது கட்டடத்தின் வழியே இறங்கும் இடி. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் அது ஒரு துளியும் குறையாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எடைமாற்றம், கணக்கு, கோவையை மனப்பாடம் செய்வது எல்லாம் வீட்டில் சாதாரணக் காலணியோடு, தகடு போட்ட பயிற்சி மாலை ஏழுக்குள், வாரம் ஒரு முறை வாடகை அரங்கில் ஒலித் தெளிவைச் சோதிப்பது. கீழ்வீட்டாரிடம் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிச் சண்டை வராது.

பலகையின் விளிம்புகளுக்கு வார்னிஷ் அடியுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் விளிம்புதான் முதலில் உப்பும். மேல்பரப்புக்குப் பாலிஷ் கூடாது, வழுக்கும்.

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகிறேன். டேப் நடனத்தில் சான்றிதழ் வாங்க எங்கே படிக்க வேண்டும்?
– மாணவி, காஜாங்

நம் ஊரில் பலரும் நடனத் தேர்வு என்றாலே பாலே தேர்வுகளை நடத்தும் ராயல் அகாடமியை நினைக்கிறார்கள். அவர்களிடம் டேப் பாடத்திட்டம் இல்லை. டேப்புக்கு லண்டனை மையமாகக் கொண்ட ஐ.எஸ்.டி.டி., ஆஸ்திரேலியாவில் தோன்றிய சி.எஸ்.டி.டி. போன்ற அமைப்புகளின் தேர்வுகளை எழுதலாம். ஐ.எஸ்.டி.டி. 1904-இல் தொடங்கியது. சிறுவர்களுக்கான கிரேடு தேர்வுகள் முடிந்ததும் இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு 1, 2 என்று தொழில்முறைத் தேர்வுகள் போகும். நீ ஆசிரியராக விரும்பினால் இந்தப் படிகள் வேண்டும். எந்த நடனப் பள்ளியில் சேரும்போதும் எந்த அமைப்பின் பாடத்திட்டம், ஆசிரியர் அதில் எதுவரை தேறியவர் என்று கேட்டுவிடு. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

முழுநேரப் படிப்பு வேண்டுமென்றால் தலைநகரில் அஸ்வாரா கலை அகாடமியில் நடன டிப்ளோமா இருக்கிறது. அங்கே மரபு நடனங்களும் தற்கால நடனமும் நடன அமைப்பும்தான் மையம். டேப்பை வெளியே தனியாகக் கற்க வேண்டும். எங்கள் கருத்தில் இது நல்ல சேர்மானம். மேடை ஒளி, அரங்க நிர்வாகம், உடற்கூறு எல்லாம் தெரிந்த டேப் ஆசிரியர்கள் நம்மிடம் குறைவு.

ஒன்றை மறந்துவிடாதே. அமெரிக்காவில் டேப் கலைஞர்களைச் சான்றிதழ் பார்த்து எடுப்பதில்லை. ஆடச் சொல்லிக் காதால் கேட்டு எடுக்கிறார்கள். கோடைகாலத்தில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் நடக்கும் டேப் விழாக்களில் ஒரே வாரத்தில் பல மூத்தவர்களிடம் பாடம் கேட்கலாம். பணம் சேர்த்து வாழ்வில் ஒரு முறையாவது போய்வா. அதற்கு முன் ஷிம் ஷாமைப் பாடமாக்கிக்கொள். லியோனார்ட் ரீடும் வில்லி பிரயன்டும் 1920-களின் கடைசியில் அமைத்த 32 பார் ஆட்டம் அது. எந்த நாட்டு டேப் கூட்டம் முடிந்தாலும் எல்லாரும் மேடையேறி அதைத்தான் ஆடுவார்கள்.

கேள்வி: வயது 24. அலுவலக வேலையை விட்டுவிட்டு டேப் ஆட்டத்தையே நம்பலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகர், ரவாங்

இப்போதே விடாதீர்கள். டேப் மட்டும் ஆடி மாதச் சம்பளம் வாங்கலாம் என்று இங்கே திட்டம் போட முடியாது. சோறு போடுவது வகுப்பு. நடனப் பள்ளியில் மணிக்கணக்கு வகுப்பு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு நடனம் அமைப்பது, ஹோட்டல் விருந்து நிகழ்ச்சிகள், எப்போதாவது விளம்பரம், எப்போதாவது இசை நாடகம் என்று வருமானம் துண்டு துண்டாக வரும். செந்தூலில் 2005-இல் திறந்த கே.எல்.பேக், இஸ்தானா புடாயா, பினாங்கில் ஸ்ட்ரெயிட்ஸ் கீ பகுதியில் உள்ள பினாங்பேக் போன்ற அரங்குகளில் என்ன நாடகம் வருகிறது, எப்போது நடிகர் தேர்வு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டேப் மட்டும் தெரிந்தவரைவிட ஜாஸ் நடனமும் கொஞ்சம் பாட்டும் தெரிந்தவருக்கு வேலை அதிகம்.

வகுப்புக் கட்டணத்தைக் கணக்கிடும்போது வகுப்பு நேரத்தை மட்டும் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். எடுத்துக்காட்டுக்கு, ஒரு மணி நேர வகுப்புக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். போக வர ஒன்றரை மணி, பாடம் தயாரிக்க அரை மணி சேர்த்தால் மூன்று மணி நேரம். பெட்ரோல், டோல், பார்க்கிங்குக்கு 20 வெள்ளி போனால் மிச்சம் 60. மணிக்கு 20 வெள்ளிதான். அதே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு வகுப்பு கிடைத்தால் நேரம் நான்கரை மணி, கையில் 140, மணிக்கு 31 வெள்ளி. தொகையை ஏற்றச் சொல்லிப் பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரே நாளில் ஒரே இடத்தில் வகுப்புகளைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையிலும் பெருநாள்களிலும் வகுப்பு இருக்காது என்பதால் ஆண்டை 12 மாதமாக எண்ணாமல் 10 மாதமாக எண்ணுங்கள்.

தாள் வேலைகளையும் முதல் மாதமே முடியுங்கள். தொழில்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. சொந்தத் தொழில் வருமானத்துக்கு வரிக் கணக்கு பி பாரத்தில். அதற்குக் கடைசி நாள் ஜூன் 30. சம்பளக்காரர்களின் பி.இ. பாரம் ஏப்ரலோடு முடிகிறது என்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். காலணி, அரங்க வாடகை, இசை உரிமை எல்லாம் செலவுக் கணக்கில் வரும். சேமநிதிக்கு ஐ-சாரான் திட்டம் வழியாக நீங்களே கட்டலாம். சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் கலைஞர்களும் சேரலாம். கணுக்கால் போனால் வருமானமும் போகும் தொழில் இது. ஆகவே இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆறு மாதச் செலவுக்குப் பணம், வாரத்துக்கு உறுதியான எட்டு வகுப்பு, ஒத்திகை முடிந்த பத்து நிமிடத் தனி ஆட்டம். இவை மூன்றும் கையில் இருக்கும்போது வேலையை விடுவது பற்றி யோசியுங்கள்.

கேள்வி: சொகுசுக் கப்பலில் ஆட வாய்ப்பு உண்டு என்கிறார்கள். என்ன எதிர்பார்ப்பார்கள்?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

ஒத்திகையையும் சேர்த்துப் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். தேர்வில் ஒரு கோவையைப் பத்து நிமிடத்தில் சொல்லித்தந்து, நான்கு பேராக ஆடவிடுவார்கள். டைம் ஸ்டெப் வகைகள், புல்பேக், விங் என்ற குதிப்பு அடிகள் மூன்றும் இரண்டு பக்கமும் சுத்தமாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் உடனே தெரிந்துவிடும். எடுத்துக்கொண்டால் மருத்துவப் பரிசோதனையும், தீயணைப்பு, உயிர்காப்பு அடங்கிய எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்பார்கள். அதன் செலவு யாருடையது என்று கையெழுத்திடுமுன் கேளுங்கள். முகவர் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் எந்தக் காரணத்துக்காகவும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தீபாவளி விருந்துக்காகப் பன்னிரண்டு மாணவிகளுக்கு ஒரு தமிழ்ப்பாட்டில் டேப் அமைத்தேன். ஒத்திகையில் நன்றாக இருந்தது. ஹோட்டல் மண்டபத்தில் கால் சத்தம் சரியாகவே கேட்கவில்லை, கேட்ட கொஞ்சமும் கலங்கலாக இருந்தது. எங்கே தவறு?
– நடன ஆசிரியை, பெட்டாலிங் ஜெயா

நான்கு இடங்களில் தவறியிருக்கலாம். நான்குமே பயிற்சிக் குறைவு அல்ல என்பதால் மாணவிகளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஹோட்டல் மண்டபத்தில் தரை கம்பளம், மேடையும் கம்பளம் ஒட்டிய மடிப்பு மேடை. ஒப்புக்கொள்ளும்போதே மேடை எதனால் ஆனது என்று கேட்டு, மரப்பலகை விரிப்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பன்னிரண்டு பேருக்கு 4க்கு 8 அடிப் பலகை குறைந்தது எட்டு வேண்டும். இணைப்புகளை அகலமான துணி ஒட்டுநாடாவால் ஒட்டாவிட்டால் தகடு இடுக்கில் மாட்டி விழுவார்கள்.

அடுத்தது மைக். தொங்கும் மைக் பாட்டையும் கூட்டத்தின் பேச்சையும் பிடிக்கும், காலைப் பிடிக்காது. தரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பவுண்டரி மைக் மூன்றை மேடையின் முன்விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். அடியில் மெல்லிய நுரைத் துண்டு வைக்காவிட்டால் மேடையின் மொத்த அதிர்வும் ‘தும் தும்’ என்று ஏறும். ஒலிப்பொறியாளரிடம் தாழ்ந்த ஒலிகளை வெட்டச் சொல்ல வேண்டும். ஒலிச் சோதனையின்போது தகடு போட்டுக்கொண்டு முழு வேகத்தில் ஆடிக் காட்டுங்கள். கையைத் தட்டிக் காட்டுவது பயன்படாது.

பாட்டுத் தேர்வு மூன்றாவது. நம் திரைப்பாடல்களில் தாளக்கருவிகள் நெருக்கமாக இருக்கும். ஜால்ரா, ஹைஹேட் போன்ற கூர்மையான ஒலிகள் தகட்டின் ஒலி இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிடும், கால் மறைந்துபோகும். பல்லவிக்குப் பல்லவி இடைவெளி உள்ள பாட்டாக எடுங்கள். அல்லது இசையை நான்கு பார் நிறுத்திவிட்டுக் கால் மட்டும் பேசும் இடம் ஒன்றைப் போடுங்கள். ஒரு மிருதங்கக்காரர் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கு பார் அவர், நான்கு பார் மாணவிகள் என்று மாறி மாறிப் போனால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். நாட்டுப்புற மெட்டுகளில் திஸ்ர நடை நிறைய. ஸ்விங் அடிகள் அவற்றில் இயல்பாக உட்காரும்.

நான்காவதுதான் நடன அமைப்பாளரின் வேலை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. ஒலிபெருக்கி ஒரு மூலையில் மட்டும் இருந்து, கடைசிப் பெண் 10 மீட்டர் தள்ளி நின்றால், அவள் பாட்டை 0.03 நொடி பிந்திக் கேட்கிறாள். நிமிடத்துக்கு 120 வேகத்தில் ஒரு தட்டுக்கு நான்கு ஒலி போட்டால் ஒலிகளுக்கு இடைவெளி 0.125 நொடி. அதில் கால்வாசியை இந்தத் தாமதமே தின்றுவிடுகிறது. பன்னிரண்டு பேரின் சிறு சிறு வித்தியாசங்களும் சேர்ந்தால் கலங்கலாகத்தான் கேட்கும். மேடையின் இரு பக்கமும் ஆடுவோரை நோக்கி மானிட்டர் ஒலிபெருக்கி வைக்கச் சொல்லுங்கள். எல்லாரும் சேர்ந்து ஆடும் பகுதியில் தட்டுக்கு இரண்டு ஒலிக்கு மேல் வேண்டாம். வேகக் கோவைகளை மூன்று பேரிடம் கொடுத்து, மற்றவர்கள் குதிகாலால் அடித்தாளம் பிடிக்கட்டும். ஒலி அடுக்கு அடுக்காகப் பிரிந்து கேட்கும். சேர்ந்து நிறுத்தும் இடத்தை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஒத்திகை பாருங்கள். பன்னிரண்டு பேர் ஒரே நொடியில் நிற்கும் அமைதி, அவர்கள் எழுப்பும் எந்தச் சத்தத்தையும்விடத் தெளிவாகப் போய்ச் சேரும்.

கேள்வி: நான் அமைத்த நடனத்தை இன்னொரு குழு அப்படியே ஆடிக் காணொளி போட்டிருக்கிறது. சட்டத்தில் எனக்கு உரிமை உண்டா?
– வாசகி, கிள்ளான்

உண்டு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுத்திலோ ஒளிப்பதிவிலோ அது பதிவாகியிருக்க வேண்டும். உரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் நீடிக்கும். எனவே முதல் முழு ஒத்திகையைத் தேதியோடு பதிவு செய்து வையுங்கள். ஷஃபிள், டைம் ஸ்டெப், ஷிம் ஷாம் போன்றவற்றை யாரும் தமதென்று கோர முடியாது. அவற்றை நீங்கள் கோத்த முறைக்குத்தான் உரிமை. அந்தக் குழுவுக்கு முதலில் பெயர் குறிப்பிடச் சொல்லி எழுதுங்கள், பெரும்பாலும் அதிலேயே தீரும். பாட்டின் உரிமை வேறு. பொது நிகழ்ச்சி என்றால் ஏற்பாட்டாளர் இசை உரிமம் எடுத்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்துச் சிறுவர்களுக்கு டேப் வகுப்பு தொடங்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஆயிர் ஈத்தாம்

மாடியின் மரத்தரை டேப்புக்கு அருமையான ஒலி தரும். அதே தரையில்தான் ஆபத்தும். நூறாண்டு பழைய உத்தரங்களில் கரையான் இருக்கலாம். பத்துப் பிள்ளைகள் ஒரே தாளத்தில் குதிக்கும்போது விழும் பாரம், அவர்கள் நின்றுகொண்டிருக்கும் பாரத்தைவிட மிக அதிகம். பொறியாளர் ஒருவர் அடியிலிருந்து பார்த்து எழுதித் தராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி. தரையையோ சுவரையோ மாற்ற மாநகர் மன்ற அனுமதி வேண்டும். கீழே யார் தொழில் செய்கிறார், எத்தனை மணிவரை என்றும் பாருங்கள். கிளினிக் என்றால் வேண்டாம்.

ஐந்து, ஆறு வயதுக்கு 45 நிமிடம் போதும், ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர். முதல் மாதம் பெயர் சொல்லி அடிகளைக் கற்பிக்காமல், நீங்கள் தட்டுவதைத் திருப்பித் தட்டும் விளையாட்டையே நடத்துங்கள். முதலில் கையால், பிறகு வாயால், கடைசியில் காலால். காதில் ஏறாதது காலில் வராது. சுவர்க் கண்ணாடியை வகுப்பின் பாதி நேரம் திரையால் மூடுங்கள். கண்ணாடி இருந்தால் பிள்ளைகள் ஆசிரியரின் காலைப் பார்த்து அரைத் தட்டு பிந்தி ஆடுவார்கள், அது பழக்கமாகிவிடும். குதிகாலில் சாய்ந்து நிற்பதும் குனிந்து தன் காலையே பார்ப்பதும் சேர்ந்தே வரும். எதிர்ச் சுவரில் ஒரு படத்தை மாட்டி அதைப் பார்த்து ஆடச் சொன்னால் முதுகு நிமிரும், எடை தானாக முன்பாதத்துக்கு வரும்.

பத்து ஜோடித் தகடுகள் சிறிய அறையில் எழுப்பும் ஒலி காதுக்குக் கேடு. ஒரு சுவருக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். நாளுக்கு மூன்று வகுப்பு எடுக்கும் ஆசிரியர் இசைக்கலைஞர்கள் அணியும் காதடைப்பானைப் போட்டுக்கொள்ள வேண்டும். இதை வெட்கமாக நினைத்துத் தள்ளிப்போடும் ஆசிரியர்கள் நடுவயதில் காது மங்கி வருந்துகிறார்கள்.

டேப் எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே ஆட்சியாளர்கள் சட்டம் போட்டு அவர்களிடமிருந்து முரசைப் பறித்தார்கள். தாளம் கைக்கும் காலுக்கும் இடம் மாறியது. அயர்லாந்து ஜிக் ஆட்டமும் இங்கிலாந்தின் மரச்செருப்பு ஆட்டமும் அதோடு கலந்தன. 1840-களில் நியூயார்க்கில் வில்லியம் ஹென்றி லேன், பின்னர் பில் ராபின்சன், குதிகாலைத் தாளத்துக்குள் கொண்டுவந்த ஜான் பபிள்ஸ் என்று கறுப்பினக் கலைஞர்களே இதை வளர்த்தார்கள். ராபின்சனின் பிறந்தநாளான மே 25 அமெரிக்காவில் டேப் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாரம் உங்கள் வகுப்பிலும் பெற்றோரை அழைத்து ஷிம் ஷாம் ஆடவிடுங்கள்.

கேள்வி: 41 வயதில் தொடங்கினேன். மூன்று மாதத்தில் முன்னங்கால் எலும்பை ஒட்டி வலி. விட்டுவிடலாமா?
– வாசகர், பிறை

வயது காரணமில்லை ஐயா. கெட்டித் தரை, கணுக்காலை இறுக்கி ஆடுவது, பயிற்சி நேரத்தைத் திடீரென்று கூட்டுவது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இரண்டு வாரம் குதிக்கும் அடிகளை நிறுத்துங்கள். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை, வலி இல்லாத அளவில் மட்டும், நாள்தோறும் மெதுவாகச் செய்யுங்கள். எலும்பில் ஒரே புள்ளியை விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலித்தாலோ இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அது எலும்பு விரிசலாக இருக்கலாம். அப்படியென்றால் பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு ஒரு முறை தகடு துருப்பிடிக்கிறது, திருகாணி கழன்று விழுகிறது. காலணியே மட்டமானதா?
– வாசகி, பட்டர்வொர்த்

காலணி மேல் பழி போட வேண்டாம். வியர்த்த காலணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரில் போட்டுவைப்பதால்தான் துரு. துணிப்பையில் வைத்து, உள்ளே செய்தித்தாளும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். வகுப்பு முடிந்ததும் தகட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், வழுக்கி விழ நேரும். திருகாணி கழல்வது இயல்பு, வாரம் ஒரு முறை திருப்புளியால் பார்க்க வேண்டும். ஓட்டை பெரிதாகிவிட்டால் பல் குத்தும் குச்சியில் மரப்பசை தொட்டு உள்ளே செருகி, காய்ந்ததும் நீட்டியதை வெட்டிவிட்டு முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். எல்லாத் திருகாணியையும் ஒரே இறுக்கமாக முடுக்கினால் ஒலி கூர்மையாக இருக்கும், கொஞ்சம் தளர்த்தினால் ஒலியில் சலசலப்பு சேரும். தொடக்கநிலை மாணவர்கள் இறுக்கமாகவே வைத்திருக்கட்டும். தளர்ந்த தகடு ஒரு தட்டை இரண்டாகக் காட்டும், அப்போது கால் செய்யும் தவறு காதுக்குத் தெரியாமல் போய்விடும்.